அக்கா மன்னித்த வீடியோ

எங்கள் வீட்டுக்கு இங்கிலீஷில் எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். கரண்ட் பில், ரேஷன் கார்டு திருத்தம், அப்பாவின் டிங்கிப் படகுக்கு எடுத்த லைசென்ஸ், மாத்திரை அட்டைக்குப் பின்னால் பொடி எழுத்தில் கிடப்பது, எல்லாம். அப்பா கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் எழுத்து அவருக்குத் தேவைப்பட்டதில்லை. அம்மாவுக்கு அதுவும் கிடையாது. அக்கா எட்டாவதோடு நின்றாள். நான் மட்டும் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, காட்டைத் தாண்டி இருக்கிற பாராடாங் தீவில் ஒரு பள்ளியில் ஒப்பந்தக் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். அதனால் அக்கா ஒருநாள் தன் மகள் பாப்பாவையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு ஜங்லிகாட் மீனவர் பகுதியில் எங்கள் வீட்டுக்கு வந்து, “இனிமே என்னால அவரோட இருக்க முடியாது” என்று சொன்னபோது, எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்வதுபோல இதையும் படித்துச் சொல்லிவிடுவேன் என்று.

“நீ படிச்சவன். பாத்துச் செய்யி” என்றார் அப்பா. அவர் வேலை அதோடு முடிந்தது. வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தானைப் பற்றி வெளியில் யாரிடம் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். மைக் செட், சீரியல் லைட் தொழில். எங்கள் ஆட்கள் வீட்டு ஞானஸ்நானம், கல்யாணம், கோயில் திருவிழா எதுவானாலும் அவருடைய பெட்டிகள்தான் நிற்கும். பாடகர் குழுவில் முதல் குரல். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் நாற்காலியை ஏற்றிக்கொண்டு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். “உங்க அக்கா குடுத்து வச்சவ” என்று என்னிடம் சொல்லாத ஆளில்லை. நானும் சில வருஷம் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

கராச்சர்மாவில் அவர்கள் இருந்த வாடகை வீட்டுக்குள் நடந்தது வேறு. பாப்பாவின் ஒரு பிறந்தநாளுக்கு வந்தவர்கள் அக்கா வைத்த சூரைமீன் குழம்பைப் புகழ்ந்தார்கள். அவர் மாட்டிய லைட்டை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவுதான் குற்றம். விருந்து முடிந்ததிலிருந்து வாரக்கணக்கில் அக்காவோடு பேச்சில்லை. எதிரே நின்று தட்டை நீட்டினாலும் சுவரைப் பார்ப்பார். வாசலில் யாராவது வந்துவிட்டால் மட்டும், “வாங்க வாங்க! ஏ புள்ள, காப்பி போடு” என்று தேனாக ஒரு குரல் வரும். ஆள் படியிறங்கியதும் மறுபடி சுவர்.

அக்காவுக்கு அபர்தீன் பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை. ஒருநாள் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்தால், கதவில் பூட்டு புதுசு. உள்ளே பாப்பாவின் குரல் கேட்கிறது. தட்டினால் திறக்கவில்லை. மழை வேறு. பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி வெளியே தலை நீட்டிய பிறகுதான் கதவு திறந்தது. “எங்க போயிட்ட? உன்னத் தேடிக்கிட்டுல்ல இருக்கோம்” என்று சிரித்தாராம். பூட்டைப் பற்றிக் கேட்டால், “என்ன பூட்டு? எப்பவும் இருக்கிற பூட்டுதானே. உனக்கு மண்டைல என்னமோ ஆயிருக்கு, டாக்டர்ட்ட காட்டணும்.” இதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அக்கா என்னிடமே கேட்டாள்: “ஏலே, நெசமாவே எனக்கு ஏதும் ஆயிருக்குமோ?”

அவள் அப்படிக் கேட்டதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பஜாரில் பேரம் பேசுகிற பெங்காலியையும் ராஞ்சிக்காரியையும் ஒரே மூச்சில் சமாளிக்கிறவள், தன் வீட்டுப் பூட்டு எது என்று தன் தம்பியிடம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பாப்பா தன்னோடு இருக்க வேண்டும். நகை வேண்டாம், சாமான் வேண்டாம், ஜீவனாம்சம்கூட வேண்டாம் என்றாள். அத்தான் போனில் சொன்னதும் ஒன்றே ஒன்றுதான். “நீ தாராளமாப் போ. புள்ளைய மெயின்லேண்டுக்கு எங்கம்மாட்ட அனுப்பிருவேன். அப்புறம் கப்பல்ல அலைஞ்சு பாரு.” மெயின்லேண்டில் ஒரு வழக்கு என்றால் என்ன என்று தீவில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கப்பல் டிக்கெட்டுக்கு நிற்க வேண்டும், நாள்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும், போய்ச் சேர்ந்தால் ஜட்ஜ் லீவு, திரும்பி வர டிக்கெட் இல்லை. துணிக்கடையில் ஒருதடவை லீவு கொடுப்பார்கள். இரண்டாம் தடவை வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

நான் என்னால் ஆனதைச் செய்தேன், அதாவது படித்தேன். பாராடாங் ஜெட்டியில் வண்டிகள் ஏறும் படகுக்குக் காத்திருக்கும்போதுதான் போனில் சிக்னல் ஒழுங்காக வரும். அங்கே நின்றுதான் நார்சிசிஸ்ட் என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தேன். தன்னைத் தவிர யாரையும் பார்க்கத் தெரியாதவன், வெளியில் தேன், உள்ளே சுவர், செய்ததையே செய்யவில்லை என்று சாதிப்பவன். ஒவ்வொரு வரியும் அத்தான். ரொம்ப நாளாக வராத கணக்கு ஒன்று வந்துவிட்ட மாதிரி சந்தோஷம். அன்றைக்கே உட்கார்ந்து இங்கிலீஷில் பக்கம் பக்கமாக எழுதினேன். அந்த வார்த்தையை எத்தனை தடவை போட்டேன் என்று எனக்கே தெரியாது.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது வக்கீலின் அறை. பெங்காலி அம்மா. எல்லோரும் தீதி என்பார்கள்; நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பேச்செல்லாம் ஹிந்திதான். நான் எழுதியதை வாங்கி, முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, மேலிருந்து கீழே குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

“படே லிக்கே ஆத்மி ஹோ” என்றார், படித்த மனுஷன்தானே நீ என்று. “இதை டாக்டர் எழுதணும். நீ ஏன் எழுதுறே?”

“எல்லாம் அப்படியே பொருந்துது தீதி.”

“பொருந்தட்டும். ஜட்ஜ் சாப் இந்த வார்த்தைக்கு உத்தரவு போட மாட்டார். பூட்டை மாத்தினான், இவ மழையில நின்னா, பக்கத்து வீட்டுக்காரி பாத்தா. அதுக்குப் போடுவார். நீ அவனுக்குப் பேர் வைக்காதே. அவன் செஞ்சதைச் சொல்லு.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. அக்காவுக்குச் சிரிப்பு. வந்த இடத்தில் அவள் சிரித்ததே எனக்குப் பெரிதாக இருந்தது.

தீதி அக்காவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவனோடு போனில் பேசாதே, மெசேஜ் மட்டும், அதுவும் பிள்ளையைப் பற்றி மட்டும் என்றார். நாளைக்கு ஜட்ஜ் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியும் எழுது. அவன் உன்னைக் கத்தவைக்கப் பார்ப்பான். தான் கத்தினதை அழித்துவிட்டு நீ கத்தினதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்வான். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், தீவு அடையாள அட்டை, எதனுடைய அசலும் அந்த வீட்டில் கிடக்கக் கூடாது. “அது மூணுமே இந்தப் பையில இருக்கு” என்று அக்கா மடியைக் காட்டினாள். தீதி என்னைப் பார்த்து, “இவதான் படே லிக்கே” என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: யார் சமாதானம் பேச வந்தாலும் என்னைக் கேட்காமல் சரி என்று சொல்லாதே.

இதெல்லாம் நடந்தது தவக்காலத்தில். அதுதான் வினை.

எங்கள் கோயிலில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு வீட்டில் செபம், பாட்டு, டீ. புனித வாரம் வருவதற்குள் சண்டையில் இருக்கிற வீடுகளைக் கூப்பிட்டு ஒப்புரவு செய்துவைப்பது எங்கள் அன்பியத்தில் வழக்கம். நடுவில் பாடுபட்ட சிலுவை, இரண்டு பக்கமும் சண்டைக்காரர்கள். இருவரும் மார்பில் தட்டி “என் பிழையே” என்று சொல்ல வேண்டும். பிறகு “எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன்” என்று சொல்லி சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்ய வேண்டும். யார் பிழை என்ற கேள்வியே அங்கே கிடையாது. அடித்தவனும் என் பிழையே, அடிவாங்கினவனும் என் பிழையே. வலை அறுத்த சண்டை, மீன் பங்குச் சண்டை, வேலிச் சண்டை எத்தனையோ அதில் தீர்ந்திருக்கிறது. சொல்ல மறுத்தால், மறுத்தவர்தான் மனசு கல்லானவர்.

இந்த ஒப்புரவை அத்தானே போய்க் கேட்டிருக்கிறார். அன்பியத் தலைவி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எனக்குப் பாராடாங்கில் பரீட்சை நேரம். அம்மா போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை ஒப்புரவு என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

“யம்மா, வக்கீலம்மா என்ன சொன்னாவ? மறந்துட்டியா?”

“வக்கீலம்மா இந்துல்லா. அவளுக்கு நம்ம ஒப்புரவப் பத்தி என்ன தெரியும்? ஆண்டவர் சந்நிதில சொன்னத யாருல கோர்ட்டுக்குக் கொண்டு போவா?”

“அத்தான் கொண்டு போவாரு.”

“சீ, வாயக் கழுவு. மருமவன் அந்த மாதிரிப் பாவத்தச் செய்யமாட்டாரு. என்ன இருந்தாலும் கோயில்ல பாடுதவரு.”

“அக்காட்ட போனக் குடு.” சிக்னல் போய்விட்டது. வாத்தியார் அறையிலிருந்து மைதானத்துக்கு ஓடி, மைதானத்திலிருந்து ரோட்டுக்கு ஓடி, கையை உயரத் தூக்கிக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். மறுபடி லைன் கிடைக்கவே இல்லை. அன்றைக்கே கிளம்பலாம் என்றால் பழங்குடிக் காட்டு வழியாக ஊருக்குப் போகும் கடைசி கான்வாய் போய்விட்டது. அதை விட்டால் ரோடு மூடிக் கிடக்கும். வண்டிகளை மொத்தமாகச் சேர்த்துத்தானே விடுகிறார்கள். பரீட்சை வேலை விடாமல், பிறகு பஸ்ஸில் இடமும் கிடைக்காமல் நான் போய்ச் சேர்ந்தது ஞாயிறு ராத்திரிதான்.

அன்பியத்துக்கு மைக் செட் அத்தானுடையதுதான். அந்த மைக்கில் அவர் அழுதாராம். அவருடைய செட் பையன்களில் ஒருவன் “ஞாபகத்துக்கு” என்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தானாம்.

“எல்லாரும் அழுதாவ” என்றாள் அக்கா பிற்பாடு. “தலைவியே அழுதாவ. நான் மட்டும் கல்லு மாதிரி எப்டிலே நிக்க? அம்மா வேற முதுகுல கைய வச்சு லேசாத் தள்ளுதா. சொல்லித் தொலச்சேன். என் பிழையே, என் பிழையேன்னு. எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன்னு. அவரு என் காலத் தொடப் போனாரு. ஊரே கை தட்டுச்சு.”

அன்று சாயங்காலமே பாப்பாவோடு கராச்சர்மாவுக்குத் திரும்பிப் போனாள். அம்மா வழியெல்லாம் செபமாலை சொன்னாளாம், நன்றி சொல்லி.

ஈஸ்டர் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஈஸ்டர் இரவுப் பாஸ்கா பூசைக்குக் குடும்பமாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் வீட்டில் அக்கா எதற்கு வாய் திறந்தாலும், அத்தான் பதில் சொல்வதில்லை. போனை எடுத்து அந்த வீடியோவைப் போடுவார். “கேட்டுக்கோ. உன் வாயாலயே சொன்னது.” என் சம்பளத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் வீடியோ. பாப்பாவை ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று கேட்டால் வீடியோ. பிறகு போனில் போடுவது போதாமல் போய், பெட்டிகளைச் சரிபார்க்கிற சாக்கில் வாசலில் ஸ்பீக்கரை வைத்து அதில் போட ஆரம்பித்தார். என் பிழையே, என் பிழையே என்று அக்காவின் குரல் அந்தச் சந்து முழுக்க. நிறுத்துவார், திரும்ப முதலிலிருந்து. துணி காயப்போடப் போனவள் கொடியடியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

இரண்டாம் தடவை பாப்பாவோடு அவள் வந்தபோது அம்மா வாசலுக்கே எழுந்து வந்தாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். நான் அம்மாவைத் திட்டலாம் என்று வாரம் முழுக்க வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்த எரிச்சல் இன்னும் எனக்குள்ளேயே கிடக்கிறது.

தீதி வழக்குப் போட்டார். விவாகரத்து கேட்டு ஒன்று. அது முடியும்வரை பாப்பா அக்காவிடமே இருக்க வேண்டும், தீவை விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று அதோடு ஒரு மனு. அத்தான் தரப்பிலிருந்து பதில் வந்தது. கூடவே ஒரு பென்டிரைவ், அதிலிருக்கும் தமிழுக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. வழக்கம்போல என் கைக்கு வந்தது. படித்தேன். மனைவி, தன் சமூகத்தார் முன்னிலையில், எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், எல்லாத் தவறும் தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டார். கணவர் மேல் தனக்கிருந்த எல்லாக் குறைகளையும் மன்னித்தார். அன்றே திரும்பிச் சென்று இல்லறம் நடத்தினார். அவ்வளவும் நடந்ததுதான். ஒரு பொய்கூட இல்லை. ஆனால் இங்கிலீஷில் படித்தால் என் அக்கா ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தது.

“மன்னிச்சு சேர்ந்து வாழ்ந்துட்டா, அதுக்கு முந்தி நடந்த கொடுமையைக் காரணமாச் சொல்ல முடியாதுன்னு வாதாடுவாங்க” என்றார் தீதி. “பூட்டு, மழை, எல்லாம் போச்சு. நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் கத்தினேன். “தீதி, அது எல்லாரும் சொல்றது. ஒவ்வொரு ஞாயிறும் பூசையில மொத்தக் கோயிலும் மார்பில தட்டிக்கிட்டுச் சொல்லும். நான் சொல்றேன், அப்பா சொல்றாரு, சாமியாரே சொல்றாரு.”

தீதி பேனாவைக் கீழே வைத்தார். “ஹர் ஹஃப்தே? ஒவ்வொரு வாரமும் எல்லாரும் குற்றத்தை ஒத்துக்குறீங்க?”

“ஆமா.”

“அவனும்?”

“அவரு மைக்ல சொல்வாரு தீதி. எல்லாருக்கும் மேல சத்தமா.”

தீதி சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்போ அந்த ஒப்புரவிலயும் அவன் முதல்ல சொல்லியிருக்கணுமே, அது எங்கே?” என்று கேட்டார். வீடியோவைத் திரும்பப் பார்த்தோம். அவர் சொல்லி முடித்த பிறகுதான் அது தொடங்குகிறது.

அன்பியத் தலைவியிடம் போனேன். இரண்டு பேரும்தான் சொன்னார்கள், அது எங்கள் வழக்கம் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று கும்பிட்டுக் கேட்டேன்.

“அன்பியத்தக் கோர்ட்டுக்கு இழுக்காதீங்க தம்பி” என்றார் அவர்.

“அத்தான்தானே இழுத்தாரு. பென்டிரைவ்ல போட்டு அவருதானே குடுத்திருக்காரு.”

“அது அவரு மனசாட்சி. நாங்க ரெண்டு பக்கமும் பொதுவா நிக்கோம்.” கை தட்டினபோது பொதுவாக நிற்கவில்லையே என்று கேட்க வாய் வந்தது. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடிக்காமல் வந்துவிட்டேன். குடித்திருந்தால் அதையும் யாராவது படம் பிடித்திருப்பார்கள்.

தீதியின் கணக்கு வேறாக இருந்தது. மன்னித்த பிறகு அவன் புதிதாக ஏதாவது செய்திருந்தால் பழையதும் சேர்ந்து உயிர் பெறும், அதுதான் சட்டம் என்றார். மன்னிப்பு என்பது, இனி செய்ய மாட்டான் என்ற நிபந்தனையோடு கொடுத்தது. “சேர்ந்த பிறகு என்ன செஞ்சான்?” என்று அக்காவிடம் கேட்டார். அக்கா ஸ்பீக்கரைப் பற்றிச் சொன்னாள். அதைப் போய்ச் சொல்வானேன் என்று இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறாள். தீதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்த வீடியோவையே? ஸ்பீக்கர்லயா? யார் கேட்டா?”

பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டியைப் பார்க்க நானும் அக்காவும் போனோம். அத்தான் வெளியே வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து. எழுதித் தர மாட்டேன், தினமும் இவன் முகத்தில் முழிக்க வேண்டியவள் நான் என்றுதான் ஆன்ட்டி முதலில் சொன்னார். அக்கா கட்டாயப்படுத்தவில்லை. “டீக் ஹை ஆன்ட்டி” என்று, சரியென்று சொல்லி எழுந்துவிட்டாள். எழுந்தவளைப் பார்த்து ஆன்ட்டிக்கே மனம் கேட்கவில்லையோ, ஆத்திரம் கிளம்பியதோ, ஹிந்தியில் பொரிந்து தள்ளினார். “தின் பர் வஹி பஜ்தா தா! நாள் முழுக்க அதுவேதான். என் பையனுக்குப் போர்டு பரீட்சை. தமிழ் எனக்குத் தெரியாது, ஆனா அந்தப் பிழையே பிழையே எனக்கே மனப்பாடம். நான்தான் போலீசுக்கு போன் போட்டேன். போலீஸ்காரன் வந்து பெட்டியை உள்ள வைன்னு சொல்லிட்டுப் போனான். இவன் என்ன சொன்னான் தெரியுமா? இது சாமி பாட்டுன்னு!”

அக்காவுக்கே அது தெரியாது. அவள் ஜங்லிகாட் வந்த பிறகும் சில நாள் அவர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், கேட்க ஆளில்லாத வீட்டில். ஆன்ட்டி எழுதிக் கொடுத்தார். எங்கள் அன்பியத்தில் ஒருத்தர் எழுதித் தராததை, இரைச்சல் தாங்காத ஒரு தெலுங்கு அம்மா தந்தார். இதை நினைத்தால் எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது.

மனு விசாரணைக்கு வந்த அன்று அத்தான் வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவை. ஜட்ஜ் நிமிர்ந்தபோதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய வக்கீல் ஒப்புரவைப் பற்றி உருக்கமாகப் பேசினார். தீதி உருகவில்லை. மன்னித்தாள், உண்மை. அந்த மன்னிப்பை வைத்தே சேர்ந்த பிறகு இவர் செய்தது இது, பக்கத்து வீட்டார் எழுதியது இது, போலீஸ் வந்துபோனது உண்டா இல்லையா என்று எதிர்த்தரப்பு சொல்லட்டும், பிள்ளையை மெயின்லேண்டுக்கு அனுப்புவதாக இவர் அனுப்பிய மெசேஜ் இது என்று தாளைத் தாளாக வைத்தார். போனில் பேசாதே என்று சொன்ன பிறகு அத்தான் அந்த மிரட்டலை மெசேஜிலேயே அனுப்பியிருந்தார். என் வார்த்தை, அந்த நார்சிசிஸ்ட், ஒரு தடவைகூட வரவில்லை.

உத்தரவு வந்தது. வழக்கு முடியும்வரை பாப்பா அக்காவோடு. ஞாயிறு மாலை பார்க்கில் அத்தான் அவளைப் பார்க்கலாம். கோர்ட் அனுமதியில்லாமல் தீவை விட்டுப் பிள்ளையை யாரும் கொண்டுபோகக் கூடாது. அதோடு இன்னொன்று: இருவரும் சமரச மையத்துக்குப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். கடைசி வரியைப் படித்ததும் தாளைத் தீதியிடமே நீட்டினேன். “மறுபடியுமா தீதி?” என்றேன். “எல்லாக் கேசுக்கும் இதுதான். போங்க, உட்காருங்க, அழாதீங்க” என்றார்.

போனார்கள். அத்தான் அங்கேயும் அழுதார். அக்கா அழவில்லை, கத்தவில்லை, எதையும் மன்னிக்கவுமில்லை. என் பதிலெல்லாம் வக்கீல் கொடுத்த தாளில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். கவுன்சலர் அம்மா அவளைப் பார்த்து, “நீங்க கொஞ்சம் இறங்கி வரணும்மா” என்றாராம். இறங்கி வந்தால் ஒப்புதல், இறங்காவிட்டால் பிடிவாதம். இந்த நாட்டில் ஒரு பெண் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பாராடாங் திரும்பும் பஸ்ஸில் காடு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

உத்தரவுக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு, பார்க்குக்கு நானும் கூடப் போனேன். அத்தான் பாடகர் குழுப் பையன்கள் சிலரோடு வந்திருந்தார். பாப்பாவைப் பார்த்ததும் முட்டிபோட்டு இரண்டு கையையும் விரித்தார். அவள் ஓடிப்போய் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அவர் அப்பா. ஊஞ்சலில் வைத்து ஆட்டினார், அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதை வெறுக்கவும் முடியாமல் ரசிக்கவும் முடியாமல் நான் சுண்டல் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டிருந்தேன். பையன்கள் படம் எடுத்தார்கள். அக்கா எதிர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரம் முடிந்ததும் பாப்பாவைக் கொண்டுவந்து விட்டவர், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, “என்ன மாப்ளே, நீ படிச்சவன்லா. நீயாவது உங்க அக்காவுக்கு எடுத்துச் சொல்லப்பிடாதா? பெத்த புள்ளைய இப்படிப் பார்க்குல வந்து பாக்க வச்சிட்டீங்களே” என்றார்.

நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். பின்னாலிருந்து அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பையன்களில் ஒருவன் போனைத் தூக்கியிருந்தான்.

“அடுத்த ஞாயிறு, இதே இடம்” என்றாள் அக்கா அவரிடம். பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பாப்பா சொன்னாள்: “மாமா, லீவு விட்டதும் நாங்க பெரிய கப்பல்ல போறோம். அப்பா டிக்கெட் எடுக்கிறேன்னு சொன்னாங்க. அம்மாகிட்ட சொல்லக் கூடாதாம்.”

எப்போது, எந்தக் கப்பல், வேறு என்ன சொன்னார் என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். பிள்ளையிடம் துருவக் கூடாது, துருவினால் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று தீதி அன்று கோர்ட் வாசலில் சொல்லியிருந்தார். எனக்கு மறந்துபோனது அவளுக்கு நினைவிருந்தது. குனிந்து பாப்பாவின் செருப்பு வாரை மாட்டிவிட்டாள், அது கழலவே இல்லை.

“கப்பல்ல போனா உனக்கு வாந்தி வருமே” என்றாள்.

“வராது. நான் பெரிய பிள்ளை ஆயிட்டேன்.”

“ஆமாமா, ஆயிட்ட” என்று பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெரிய பிள்ளையின் கால்கள் அவள் முழங்கால் வரைக்கும் தொங்கின. பஸ் வந்தது. ஏறும்போது என் பக்கம் திரும்பி, மெதுவாக, “நாளைக்கு லீவு சொல்லிரு. காலைல முதல் ஆளா தீதி ஆபீஸ்ல நிக்கணும்” என்றாள்.